ஒத்தை ஆளுக்கு ஒரு டம்ளர்

சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் நாளை மறுநாள். சிங்கப்பூரிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்து, டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு லாட்ஜில் பெட்டியை வைத்துவிட்டு, சாயங்காலம் ஆறு மணிக்குத் தெருவில் இறங்கி நிற்கிறீர்கள். துணைக்கு ஆள் இல்லை. சொந்தக்காரர்கள் முன்னால் குடிக்க முடியாது, குடிக்கவும் கூடாது. ஒரு டம்ளர் எதையாவது கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும் போலிருக்கிறது. இந்த அத்தியாயம் உங்களுக்குத்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் தனியாகக் குடிக்கலாம், தனியாக விடமாட்டார்கள். டீயோ, ஜிகர்தண்டாவோ, பீரோ, எதுவானாலும் பத்து நிமிடத்துக்குள் பக்கத்தில் நிற்பவர் "எந்த ஊருண்ணே?" என்று கேட்டுவிடுவார். முகம் ஊர் முகமாகவே இருக்கலாம். வாயைத் திறந்ததும் தெரிந்துபோகும். "மலேசியாவா?" "சிலோனா?" என்று அவரே சொல்லி, அங்கே அவருடைய மச்சான் ஒருவர் இருப்பதையும் சொல்லுவார். இதை வம்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த ஊரில் மரியாதை இப்படித்தான் தொடங்குகிறது.

இரண்டாவது கேள்விதான் கவனம். "பூர்வீகம் எந்தப் பக்கம்? ஊர்ல எந்தத் தெரு?" என்று நூல் பிடித்துக்கொண்டே போனால், அது போய்ச் சேரும் இடம் சாதி. கேட்பவர் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, பழக்கம். ஆனால் டம்ளர் கையில் இருக்கும் நேரத்தில் அந்தப் பேச்சு வேண்டாம். "தாத்தா காலத்துலயே கப்பலேறிட்டோம்ணே, எல்லாம் மறந்து போச்சு" என்று சிரித்துவிட்டு, வெயிலைப் பற்றிப் பேசுங்கள். மதுரையில் வெயிலைப் பற்றிக் கருத்து இல்லாத ஆள் கிடையாது.

பழைய ஊர், பழைய பழக்கம்

மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியில் இந்த ஊரின் கள்ளுக்கடைகளில் கொடி பறக்கிறது. ராத்திரியின் ஒவ்வொரு சாமத்திலும் ஊர் என்ன செய்தது என்ற கணக்கும் அதிலேயே இருக்கிறது. ‘தூங்கா நகரம்’ என்று இன்றைக்குப் பனியனில் அச்சடித்து விற்பதற்கு அவ்வளவு பழைய ஆதாரம். புறநானூற்று 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர் கொண்டுவந்த மணக்கும் மதுவைப் பெண்கள் பொற்கலத்தில் ஊற்றித்தர நீ நாளும் மகிழ்ந்திரு என்கிறார். விமான நிலையத்தில் வாங்கிய ஃபாரின் சரக்குப் பையோடு இறங்குகிறவர் கொஞ்சம் தலை நிமிர்ந்து நடக்கலாம். பாண்டியன் காலத்து வழக்கம்தான் அது. சுங்கத்துறை அனுமதிக்கும் அளவு ஆளுக்கு 2 லிட்டர்.

கொடி எப்படி இறங்கியது என்ற கதையைச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால், இன்றைய பார்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்பது புரியும். 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். பிறகு அது மாகாணம் முழுதும் பரவியது. 1971இல் கருணாநிதி கடைகளைத் திறந்தார். 1974இல் அவரே மூடினார். 1981இல் எம்.ஜி.ஆர். திறந்தார். 1983இல் அரசின் டாஸ்மாக் நிறுவனம் மது மொத்த வியாபாரத்துக்காக உருவானது. 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கே வந்தன. கள் மட்டும் 1987 முதல் இன்றுவரை தடையில் இருக்கிறது. இப்படித் திறந்து மூடித் திறந்து மூடி, குடிப்பது என்றாலே மறைவாகச் செய்ய வேண்டிய வேலை என்பது ஊருக்குப் பதிந்துபோயிற்று. அதனால்தான் பார் என்றால் இங்கே தகரக் கூரையும், மங்கிய டியூப்லைட்டும், தெருவைப் பார்க்காத வாசலும். உட்கார்ந்து ரசிக்கக் கட்டிய இடமல்ல. சீக்கிரம் குடித்துவிட்டுக் கிளம்பக் கட்டியது.

டாஸ்மாக்கும் பாரும்

கடை நண்பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும். 21 வயது ஆகியிருக்க வேண்டும். கம்பி வலைக்குப் பின்னால் விற்பனையாளர் இருப்பார். பிராண்டையும் அளவையும் ஒரே மூச்சில் சொல்லிப் பணத்தை நீட்ட வேண்டும். 180 மில்லி குவார்ட்டர், 375 ஆஃப், 750 ஃபுல். "என்னென்ன இருக்குண்ணே?" என்று அங்கே நின்று விசாரித்தால் பின்னால் இருப்பவர்கள் உங்கள் பரம்பரையை விசாரிப்பார்கள். நீங்கள் வெளிநாட்டில் பழகிய பிராண்டு இருக்காது என்று வைத்துக்கொண்டே போங்கள். பீர் கேட்டால் "கூலிங் இருக்கா?" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மே மாத மதுரையில் சுடுகஞ்சி மாதிரி ஒரு பாட்டில் கைக்கு வரும். பாட்டிலில் விலை அச்சிட்டிருக்கும், பார்த்துக் கொடுங்கள்.

கடையை ஒட்டினாற்போல் பார் இருக்கும். அதை ஏலம் எடுத்து நடத்துபவர் வேறு ஆள். சரக்கு கடையில், உட்காரும் இடமும் தீனியும் இவரிடம். பிளாஸ்டிக் கப்பு, தண்ணீர், சுண்டல், மாங்காய்க் கீற்று, ஆம்லெட், வறுத்த ஈரல் என்று ஏதாவது ஒன்றை வாங்கத்தான் வேண்டும். சும்மா உட்கார்ந்தால் பையன் மூன்று முறை வந்து "சைட் டிஷ் என்னண்ணே?" என்பான்.

இதில் குறைப்பட ஒன்றுமில்லை. கொரியாவில் தனியாகக் குடிப்பதற்கு ‘ஹோன்சுல்’ என்றே ஒரு சொல் வழக்கில் இருக்கிறது. ஹோன்ஜா என்றால் தனியாக. சுல் என்றால் மது. அவ்வளவு நாகரிகமாகப் பெயர் வைத்த ஊரிலும், மதுக்கடையில் போய் உட்கார்ந்தால் தொட்டுக்கொள்ள ஏதாவது வாங்க வேண்டும் என்பது பல இடங்களில் எழுதாத சட்டம். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘அஞ்சு’. நம்மூர்ப் பையன் கேட்கும் சைட் டிஷ்தான். கூட்டாகக் குடிக்கும்போது தன் கோப்பையில் தானே ஊற்றிக்கொள்வது அங்கே அழகில்லை; அடுத்தவர்தான் ஊற்ற வேண்டும். பெரியவர் ஊற்றினால் இரண்டு கையாலும் ஏந்தி, முகத்தை ஒருபக்கம் திருப்பிக் குடிக்க வேண்டும். மதுரையில் பெரியவரைக் கண்டால் டம்ளரை மேசைக்கு அடியில் வைப்போம். மரியாதை ஒன்றுதான், நாம் கொஞ்சம் அதிகம் குனிகிறோம்.

ஊற்றிக்கொடுக்கும் வழக்கத்துக்கு எங்களிடமும் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் கட்டிங்.

கடை வாசலில் தனியாக நிற்கிறீர்கள். யாரோ ஒருவர் பக்கத்தில் வந்து, உங்களைப் பார்க்காமல் கடையைப் பார்த்தபடி, "கட்டிங் போடலாமா?" என்பார். குவார்ட்டருக்குப் பாதிப் பணம்தான் அவரிடம் இருக்கிறது. நீங்கள் பாதி போட்டால் ஆளுக்கு 90 மில்லி. முன்பின் தெரியாத இருவர் ஒரு நிமிடத்தில் பங்காளி ஆகிவிடுகிற ஏற்பாடு இது. ஒரு முறை ஒரு மரவேலை ஆசாரி என்னோடு கட்டிங் போட்டார். இரண்டு கப்பையும் ஒட்டி வைத்து, தரையில் குத்தவைத்து, கண்ணைக் கப்பின் மட்டத்துக்குக் கொண்டுபோய் ஊற்றினார். ஊற்றி முடித்ததும் "நீங்க எடுங்க" என்றார். பிரித்தவர் ஒருவர், முதலில் எடுப்பவர் இன்னொருவர். சொத்துத் தகராறுகளை இவரிடம் விட்டிருந்தால் மதுரை நீதிமன்றத்தில் பாதி வழக்கு இருந்திருக்காது. குடித்து முடித்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு "வர்றேண்ணே" என்று போனார். பெயர் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. நான் குடித்ததிலேயே தனிமையான, அதே சமயம் துணையோடு குடித்த 90 மில்லி அதுதான்.

வெளியூர்க்காரர் கட்டிங்குக்குச் சம்மதிக்கலாமா? மூடி உடைக்காத பாட்டில், உங்கள் கண் முன்னால் கடையில் வாங்கியது என்றால் சம்மதிக்கலாம். ஏற்கெனவே திறந்த பாட்டிலை யார் நீட்டினாலும் வேண்டாம். மனமில்லையென்றால் "நான் பீருண்ணே" என்று சொன்னால் போதும், கேட்டவர் முகம் சுளிக்காமல் நகர்ந்துவிடுவார். பீர் பாட்டில் கையில் இருக்கிறவனை இந்த ஊரில் யாரும் கட்டிங்குக்குக் கூப்பிடுவதில்லை.

பாருக்குள் கட்சி, நடிகர், தலைவர் இந்த மூன்றையும் பேசாதீர்கள். விஜயகாந்தும் வடிவேலுவும் இந்த ஊர்க்காரர்கள்தான். இருவரையும் பற்றி மதுரைக்காரர் எதுவும் சொல்வார், நீங்கள் சொல்லக்கூடாது. போனை நீட்டிப் படம் பிடிக்காதீர்கள். அங்கே உட்கார்ந்திருக்கிற பாதிப் பேர் வீட்டில் வேறு எங்கோ போவதாகச் சொல்லிவிட்டு வந்தவர்கள்.

பெண்களுக்கு: டாஸ்மாக் பாரில் பெண் வாடிக்கையாளரைப் பார்ப்பது அரிது. வரவேற்பும் இருக்காது, நிம்மதியும் இருக்காது. சட்டத்தில் தடை இல்லை என்பது அந்த நேரத்தில் உதவாது. அடுத்து வரும் விடுதிகளுக்கு நேராகப் போய்விடுங்கள்.

நாற்காலியோடு கூடிய இடங்கள்

கொஞ்சம் செலவழிக்கத் தயார் என்றால் ஊருக்கு வெளியே இரண்டு இடங்கள் தனி ஆளுக்கு ஏற்றவை. ஒன்று பசுமலை. ஹார்வி மில் என்று ஊர் சொல்லும் மதுரை மில்லை நடத்திய வெள்ளைக்காரர்கள் குடியிருந்த பங்களா, குன்றின் மேல். இப்போது தாஜ் குழுமத்தின் கேட்வே விடுதி. சாயங்காலம் ஐந்தரைக்குள் போய்விடுங்கள். மயில் அகவும், கீழே ஊர் முழுதும் தெரியும், கோபுரங்கள் இருக்கும் திக்கைப் பணியாளர்களே காட்டித் தருவார்கள். இருட்டிய பிறகு போனால் எந்த ஊரிலும் இருக்கும் ஒரு பார்தான்.

இன்னொன்று கோச்சடையில், மேலக்கால் ரோட்டில் இருக்கும் ஹெரிடேஜ் மதுரை. அதே மில்லின் அதிகாரிகளுக்காக 1970களில் எழுந்த மதுரை கிளப் இது. வரைந்தவர் இலங்கையின் ஜெஃப்ரி பாவா. நாடாளுமன்றத்தைக் கொழும்புக்கு அருகே கோட்டையில் கட்டிய அதே பாவாதான். இலங்கையிலிருந்து வருகிறவர்கள் கூரையையும் முற்றத்தையும் பார்த்த உடனேயே அடையாளம் கண்டுகொள்வார்கள். ஆலமரத்துக்குப் பக்கம் உட்கார இடம் கேளுங்கள். தனி ஆள் என்று மூலைக்குத் தள்ளப் பார்ப்பார்கள், சம்மதிக்க வேண்டாம்.

இந்த மாதிரி இடங்களில் ஸ்மால் என்றால் 30 மில்லி, லார்ஜ் 60. மெனுவில் போட்ட விலைக்கு மேல் வரி வருமா என்று முதலிலேயே கேட்டுக்கொண்டால் கடைசியில் மனம் கசக்காது.

நகருக்குள், மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி விடுதிகள் சிலவற்றின் மொட்டைமாடியில் சாப்பாட்டுக்கடை உண்டு. மீனாட்சியம்மன் கோயிலின் 14 கோபுரங்களில் எத்தனை தெரிகிறது என்று எண்ணலாம். 170 அடி உயரமுள்ள தெற்குக் கோபுரம் தப்பாது. எல்லா மாடியிலும் மது கிடைக்காது, உரிமம் இருக்கிற இடத்தில் மட்டும்தான். கிடைக்காவிட்டால் என்ன, உப்புப் போட்ட எலுமிச்சை சோடா ஒன்றைச் சொல்லிவிட்டு விளக்கு எரியும் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள். என் கணக்கில் இந்த ஊரில் தனி ஆளுக்கு வாய்க்கும் மிகச் சிறந்த இருக்கை இதுதான். பீர் இருந்தால் கூடுதல், இல்லையென்றால் குறைவில்லை.

ஒரே இரவில் பள்ளியறைப் பூசையும் பாரும் வைத்துக்கொள்ளாதீர்கள். சுவாமியைப் பல்லக்கில் அம்மன் சந்நிதிக்கு எடுத்துச்செல்லும் அந்தப் பூசை இரவு ஒன்பது மணி சுமாருக்கு மேல். குடித்துவிட்டுப் போகக்கூடாது, பார்த்துவிட்டு வந்தால் கடை மூடியிருக்கும். அன்றைக்கு அம்மனுக்கு விட்டுவிடுங்கள்.

கடை இல்லாத நாட்கள்

காந்தி ஜெயந்தி, குடியரசு நாள், சுதந்திர நாள், மே தினம், மகாவீரர் ஜெயந்தி, மிலாது நபி, வள்ளலார் நினைவு நாள், திருவள்ளுவர் நாள் ஆகியவற்றில் டாஸ்மாக்கும் கிடையாது, பாரும் கிடையாது. கடைசியாகச் சொன்னதில்தான் வெளியூர்க்காரர்கள் மாட்டிக்கொள்வார்கள். திருவள்ளுவர் நாள் தை 2, அதாவது மாட்டுப் பொங்கல். அன்றைக்குத்தான் பாலமேட்டில் ஜல்லிக்கட்டு. முதல் நாள் அவனியாபுரம், அடுத்த நாள் பாலமேடு, அதற்கடுத்து அலங்காநல்லூர் என்று மாடு பார்க்க வருகிறவர்கள், நடுநாள் வறட்சி என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் கடைசியில் தேவர் ஜெயந்தியை ஒட்டியும் கடைகளை மூடச் சொல்லி ஆட்சியர் உத்தரவு வருவதுண்டு. தேர்தல் என்றால் வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம்.

இனி, நிஜமான மதுரைக் குடி

இதுவரை எழுதியது நீங்கள் கேட்பீர்கள் என்பதற்காக. நான் சொல்ல நினைத்தது இனிமேல்தான். தனி ஆளுக்கு மதுரை தரும் நல்ல டம்ளர்கள் எல்லாம் பாருக்கு வெளியே இருக்கின்றன.

கீழமாசி வீதியும் தெற்குமாசி வீதியும் சேரும் பக்கம் விளக்குத்தூண் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இங்கே கலெக்டராக இருந்த பிளாக்பர்ன், கோட்டைச் சுவரை இடித்து ஊரை அகலமாக்கியதற்காக வைத்த தூண். சுவரை இடிக்க முன்னின்ற பெருமாள் மேஸ்திரி பெயரில்தான் முன்னே சொன்ன வீதி. அந்தத் தூணுக்குப் பக்கத்தில் ஃபேமஸ் ஜிகர்தண்டா கடை. கடல்பாசியோ ஊறவைத்த பாதாம் பிசினோ அடியில், அதன்மேல் நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிக் குளிரவைத்த பால், தலைக்கு மேல் ஐஸ்கிரீம். ஜிகர் என்றால் ஈரல், நெஞ்சு. தண்டா என்றால் குளிர்ச்சி. பெயர் உருதுவிலிருந்து வந்தது. 2014இல் கார்த்திக் சுப்புராஜ் இந்தப் பெயரில் படமெடுத்த பிறகு சென்னைக்காரர்களும் உச்சரிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

நின்றுகொண்டு குடியுங்கள். மேலே இருக்கிற ஐஸ்கிரீமைக் கலக்கிவிடாதீர்கள். முதல் பாதியைக் கரண்டியால் எடுத்து, அடியில் இருப்பது தானாகக் கரைந்து வந்த பிறகு டம்ளரைத் தூக்க வேண்டும். பிசின் தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகும். வழவழப்புப் பிடிக்காதவர் முதல் டம்ளரை ஸ்பெஷல் சொல்ல வேண்டாம், சின்னதே போதும். பகல் வெயிலில் குடிப்பதைவிட இரவு ஒன்பதுக்கு மேல், கடைவீதி மூடும் நேரத்தில் குடிப்பது சிறப்பு. துணிக்கடைப் பையன்கள் வேலை முடிந்து வந்து நிற்பார்கள். நாள் முழுக்க நின்ற கால்கள். யாரும் எதுவும் பேசமாட்டார்கள். மதுரையில் கேள்வி கேட்காமல் பக்கத்தில் நிற்பவர்கள் அந்த நேரத்தில் அவர்கள் மட்டும்தான்.

டீக்கடை வேறு விதம். மலேசியாவில் ‘தே தாரிக்’ சொல்லிப் பழகியவருக்கு மாஸ்டர் ஆற்றுவது புதிதல்ல; டம்ளர்தான் சின்னது. "சீனி கம்மி" என்று சொல்லுங்கள். சென்னைக்காரர் சர்க்கரை என்பார். மதுரைக்காரர், யாழ்ப்பாணத்துக்காரர், மலேசியாக்காரர் மூவருக்கும் அது சீனிதான். இங்கே தனிமை வேண்டும் என்றால் ஒரு தந்திரம் இருக்கிறது: பெஞ்சில் கிடக்கும் தினத்தந்தியை எடுத்து விரித்துக்கொள்ளுங்கள். பேப்பர் படிக்கிறவனை மதுரையில் யாரும் தொந்தரவு செய்வதில்லை. நடுத்தாளை மட்டும் உருவிக்கொள்வார்கள். அதற்குப் பதில் பேச்சு தேவையில்லை. தமிழ் வாசிக்கத் தெரியாத மூன்றாம் தலைமுறைக்காரரும் இதைச் செய்யலாம். தாளைத் தலைகீழாகப் பிடிக்காமல் இருந்தால் போதும்.

காபிக்காரர்கள் கோரிப்பாளையத்தில் விசாலம் காபிக்குப் போகலாம். அங்கேயும் நின்றுதான் குடிக்க வேண்டும். இந்த ஊரில் நல்லது எதுவும் நாற்காலி போட்டுத் தருவதில்லை.

ஊருக்கு வெளியே

கார் எடுத்துக்கொண்டு மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் போகிறவர்கள் மாசியிலிருந்து ஆனி வரை பனைமரத்தடியில் பதநீர் விற்பதைப் பார்க்கலாம். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவி இறக்கியது பதநீர். தடவாமல் விட்டால் அது புளித்துக் கள்ளாகிவிடும். ஒன்று சட்டப்படியானது, மற்றது குற்றம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு. காலை பத்து மணிக்குள் குடித்துவிடுங்கள். பனையோலைப் பட்டையில் ஊற்றித் தருவார்கள். பட்டையை இரண்டு கையாலும் ஏந்திக் குனிந்து குடித்தால்தான் சட்டையில் சிந்தாது. கொரியாவில் பெரியவர் முன்னால் குடிப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். நுங்கு இருந்தால் அதிலேயே போட்டுத் தரச் சொல்லுங்கள்.

"நல்ல நாட்டுச் சரக்கு இருக்கு" என்று யாராவது காதில் சொன்னால், அவர் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும், வண்டியை எடுத்துவிடுங்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களுக்கும் யாரோ தெரிந்தவர்தான் விற்றார்.

வண்டி என்றதும் இன்னொன்று. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. மதுரை ரிங் ரோட்டில் ராத்திரி சோதனை இருக்கும். வாடகைக்கு எடுத்த பைக்கை லாட்ஜிலேயே விட்டுவிட்டு ஆட்டோவில் போங்கள். ஏறுவதற்கு முன்பே கூலியைப் பேசிவிடுங்கள், திரும்பி வருவதற்கும் சேர்த்து. வைகைக் கரையிலும் பாலத்தடியிலும் உட்கார்ந்து குடிப்பவர்களைப் பார்த்துவிட்டு நீங்களும் இறங்க வேண்டாம். பொது இடத்தில் குடிப்பது குற்றம். உள்ளூர்க்காரருக்கு வந்து பேச ஒரு மாமா இருப்பார்; உங்களுக்குப் பாஸ்போர்ட்டுதான் இருக்கிறது.

சித்திரையில் வந்திருந்தால் இந்த அத்தியாயத்தின் பாதியை மறந்துவிடலாம். அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் தெருவுக்குத் தெரு பந்தல் போட்டு நீர்மோரும் பானகமும் இலவசமாக ஊற்றுவார்கள். வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை; அந்த வெயிலுக்கு அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. ஒரு டம்ளர் குடித்துவிட்டு நகர்ந்தால் ஊற்றுகிற அம்மா கோபித்துக்கொள்வார். இரண்டாவதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பருத்திப்பால். ராத்திரி கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். தலை கனத்து, தூக்கம் கலைந்து, விடியற்காலை வெளியே வருகிறீர்கள். தள்ளுவண்டியில் பித்தளைப் பானை, அடியில் அடுப்பு. பருத்திக்கொட்டையை இரவெல்லாம் ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பால். அதில் கருப்பட்டியோ வெல்லமோ, சுக்கு, ஏலக்காய், கொஞ்சம் அரிசிமாவு, மேலே தேங்காய்ப்பூ. சுடச்சுட டம்ளரில் ஊற்றுவார்கள். குடிப்பதா, சாப்பிடுவதா என்று சந்தேகம் வரும் அளவுக்குக் கெட்டியாக இருக்கும். பக்கத்தில் சுமைதூக்கும் தொழிலாளிகள், மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள், நடைப்பயிற்சி முடித்த வக்கீல் என்று எல்லோரும் ஒரே வண்டியைச் சுற்றி நிற்பார்கள். அந்த நேரத்தில் "எந்த ஊருண்ணே?" என்று கேட்டால் பதில் சொல்லுங்கள். காலையில் கேட்கிறவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்.

வண்டியில் ஜிபே அட்டை ஒட்டியிருக்கும். இந்திய வங்கிக் கணக்கு இல்லாதவருக்கு அது பெரும்பாலும் உதவாது. பத்து, இருபது ரூபாய் நோட்டுகளாகச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். விடிகாலையில் ஐந்நூறு ரூபாய் நோட்டுக்கு யாரிடமும் மாற்று இருக்காது.